கடைசி 200 மீட்டருக்கு ஒரு விருதா? – வாசகர் கேள்வி பதில்

பிரிட்டனில் பிபிசி ஆண்டுதோறும் மக்கள் வாக்கில் ஒரு விளையாட்டு விருது தருகிறது. 2011-இல் அதைச் சைக்கிள் வீரர் மார்க் கேவண்டிஷ் வென்ற கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அந்த ஆண்டு அவர் மூன்று வாரப் பந்தயமான டூர் டி பிரான்ஸில் ஐந்து கட்டங்களை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) வென்று பச்சை பனியன் வாங்கினார். கோபன்ஹேகனில் உலகச் சாலைப் பந்தயத்தில் தங்கமும் எடுத்தார். பதிவான வாக்குகளில் ஏறத்தாழ பாதி அவருக்கே விழுந்தது. குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதி இந்த விருதோடு சண்டை பிடிக்கின்றன. மீதி, வீட்டு முற்றத்தில் நிற்கும் சைக்கிளைப் பற்றிக் கேட்கின்றன. இரண்டையும் கலந்தே பதில் சொல்கிறோம்.

நாள் முழுக்க ஏழு பேர் உழைக்கிறார்கள். ஒருவர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்து, கடைசி 200 மீட்டரில் பாய்ந்து தங்கத்தை வாங்குகிறார். விருதும் அவருக்கே. இது எந்த ஊர் நியாயம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வடசேரி

கேட்க வேண்டிய கேள்விதான், ஐயா. 'ஒளிந்து வருவது' என்று நீங்கள் சொல்வதுதான் இந்த விளையாட்டின் பாதி வித்தை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சமதளச் சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிற ஒருவர் செலவழிக்கும் சக்தியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் காற்றைத் தள்ளவே போய்விடும். டயர் உராய்வுக்கும் செயினுக்கும் போவது மிச்சம்தான். வேகம் கூடக் கூட இந்தச் செலவு எகிறும். 30-இலிருந்து 40-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, காற்றுக்குத் தர வேண்டிய சக்தியோ இரண்டேகால் மடங்கைத் தாண்டுகிறது. ஒருவருக்குப் பின்னால் ஒட்டி ஓட்டினால் நூற்றுக்கு 30 பங்கு அளவுக்கு மிச்சமாகும். பெருங்கூட்டத்தின் நடுவில் கிடைக்கும் மிச்சம் இதைவிட வெகு அதிகம். நெதர்லாந்தின் ஐன்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் 121 பேர் கொண்ட கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். தனியாகப் போகிறவர் மீது மோதும் காற்றுத் தடையில் பத்தில் ஒரு பங்குகூட நடுவிலும் பின்னாலும் இருப்பவர்மீது விழுவதில்லை என்று தெரிந்தது.

அதனால் எட்டுப் பேருமே முன்னால் நின்று காற்றோடு மோதினால் எட்டுப் பேரும் தோற்பார்கள். கோபன்ஹேகன் பந்தயம் 266 கி.மீ. தூரம், சராசரி வேகம் மணிக்கு 46 கி.மீ.க்கு மேல். பிரிட்டன் அணி கூட்டத்தின் தலைமாட்டில் நின்று வேகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது. தப்பி ஓடியவர்களைத் துரத்திப் பிடித்து, கூட்டம் சிதறாமல் கடைசி வளைவு வரை கொண்டுவந்து சேர்த்தது. அதன் பிறகு அந்த ஏழு பேரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. மேடேறும் கடைசி நேர்ச்சாலையில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ காஸும் ஜெர்மனியின் ஆந்த்ரே கிரைபலும் பக்கத்தில் பாய்கிறார்கள். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் மிதித்த காலில், பத்துப் பதினைந்து விநாடிக்கு ஆயிரம் வாட்டுக்கு மேல் சக்தி எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் இடைவெளி விழும் என்பதைத் தோளோடு தோள் உரசும்போதே கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்சம் முன்னதாகப் பாய்ந்தால் காற்று தின்றுவிடும். கொஞ்சம் தாமதித்தால் முன்னால் வழி அடைபடும்.

அவரை இழுத்துவந்த ஏழு பேர் யார் என்று பார்த்தால் உங்கள் கோபம் பாதி குறையலாம். பிராட்லி விக்கின்ஸ், கிறிஸ் ஃப்ரூம், கெரெய்ன்ட் தாமஸ் மூவரும் அந்த ஏழில் இருந்தார்கள். பின்னாளில் மூவருமே டூர் டி பிரான்ஸை வென்றார்கள். விக்கின்ஸ் 2012-இலும் தாமஸ் 2018-இலும் இதே பிபிசி விருதை வாங்கினார்கள். அந்த வெற்றிகளுக்காக இவர்களை வேறு சிலர் இழுத்தார்கள். 2012 டூரில் விக்கின்ஸுக்காகக் கூட்டத்தின் முன்னால் நின்று காற்றோடு மோதியவர்களில், உலகச் சாம்பியன் பனியன் போட்ட கேவண்டிஷும் ஒருவர்.

அணிக்கென்று தனி விருது கிடையாதா?
– கடைக்காரர், தக்கலை

உண்டு. 2011-இல் அதை வாங்கியது இங்கிலாந்து கிரிக்கெட் அணி. யாரை 4–0 என்று தோற்கடித்து வாங்கினார்கள் என்பதை நாம் கிளற வேண்டாம்.

டூர் பந்தயத்தில் மஞ்சள் பனியன்தானே முதல் பரிசு? பச்சை வாங்கியவரை ஏன் தூக்கிக் கொண்டாட வேண்டும்?
– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

மஞ்சள், மூன்று வாரப் பந்தயத்தின் மொத்த நேரம் குறைவாக உள்ளவருக்கு. பச்சை, கட்டங்களின் முடிவிலும் வழியில் குறித்த இடங்களிலும் முந்தி வந்து புள்ளி சேர்ப்பவருக்கு. சிவப்புப் புள்ளி போட்ட வெள்ளைப் பனியன் மலையேற்றத்துக்கு; முழு வெள்ளை இளையவர்களில் முதல்வருக்கு. கேவண்டிஷ் மொத்த நேரக் கணக்கில் நூறு பேருக்கும் பின்னால்தான் வந்தார். எடை கூடிய, தசை திரண்ட பாய்ச்சல்காரர் மலையில் பின்தங்கத்தான் செய்வார். ஆனால் ஒவ்வொரு மலைநாளிலும் குறித்த நேரத்துக்குள் வந்து சேராவிட்டால் பந்தயத்திலிருந்தே வெளியேற்ற விதி உண்டு. பச்சை வாங்க அதையும் தாண்டிப் பாரிஸ் வரை வர வேண்டும். பிரிட்டனில் அதுவரை யாரும் பச்சையை வென்றதில்லை. 2024-இல் அவர் தன் 35-ஆவது டூர் கட்டத்தை வென்று, பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸின் 34 என்ற கணக்கையும் தாண்டினார்.

மக்கள் ஓட்டுப் போட்டால் பேர் தெரிந்தவருக்குத்தானே விழும்? நம் அர்ஜுனா விருது மாதிரிக் குழு வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் சரி.
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

இரண்டிலும் ஓட்டை இருக்கிறது. டூரை நான்கு முறை வென்ற ஃப்ரூமுக்குப் பிரிட்டன் மக்கள் இந்த விருதை ஒருமுறைகூடத் தரவில்லை. வெற்றியை எண்ணித்தான் மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்றால் இது நடந்திருக்காது. யாரைப் பிடித்திருக்கிறது, யார் வெளிப்படையாகப் பேசுகிறார் என்பதற்கும் சேர்த்தே வாக்கு விழுகிறது. கேவண்டிஷ் கோபக்காரர், வாய்த்துடுக்குக்காரர் என்று முதலில் பெயர் எடுத்தவர்தான். ஒவ்வொரு வெற்றியிலும் தன்னை இழுத்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி நன்றி சொன்னது அந்தப் பெயரை மாற்றியதில் பெரும்பங்கு வகித்தது என்பது எங்கள் கணிப்பு.

2011-இல் பிரிட்டனில் எழுந்த பெரிய சத்தம் அவருக்கு எதிரானதே அல்ல. மக்கள் முன் வைத்த பத்துப் பேர் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. செய்தித்தாள், வார இதழ் விளையாட்டு ஆசிரியர்களிடம் பெயர் கேட்டுத் தயாரித்த பட்டியல் அது. எதிர்ப்பு வலுத்ததால் அடுத்த ஆண்டே தேர்வு முறையை மாற்றினார்கள்.

நம்முடைய அர்ஜுனா விருது 1961-இல் தொடங்கியது. முந்தைய நான்கு ஆண்டுகளின் செயல்பாட்டைப் பார்த்துக் குழு முடிவு செய்கிறது. ஒலிம்பிக், உலக, ஆசிய, காமன்வெல்த் போட்டிப் பதக்கங்களுக்கே பெரும்பங்கு. 2020 முதல் பரிசுத்தொகை 15 லட்சம் ரூபாய். வீரர் தானே இணையத்தில் விண்ணப்பிக்கவும் இப்போது வழி இருக்கிறது. பதக்கம் இல்லாத விளையாட்டுக்கு இங்கே கதவு திறப்பது கடினம். சைக்கிள் வெகுகாலமாக அந்த வாசலில்தான் நிற்கிறது.

இந்தியாவில் சைக்கிளில் சாதித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? எங்கள் பக்கம் யாருக்கும் ஒரு பெயர்கூடத் தெரியவில்லை.
– மீனவ இளைஞர், குளச்சல்

அந்தமான் நிக்கோபார் தீவுகளைப் பாருங்கள். 2018-இல் உலக இளையோர் போட்டியில் கெய்ரின் (மோட்டார் வண்டிக்குப் பின்னால் ஓட்டிவந்து கடைசியில் பாயும் பந்தயம்) பிரிவில் வெள்ளி வென்ற ஈசோ ஆல்பன் அந்தத் தீவுகளைச் சேர்ந்தவர். மறு ஆண்டு ஜெர்மனியில் ரொனால்டோ சிங், ரோஜித் சிங் இருவருடன் சேர்ந்து அணி விரைவோட்டத்தில் உலக இளையோர் தங்கமே எடுத்தார். ரொனால்டோ 2022-இல் டெல்லியில் நடந்த ஆசியச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் தனிநபர் விரைவோட்ட வெள்ளியும் வாங்கினார். டெபோரா ஹெரால்டும் அங்கிருந்து வந்தவர்தான். உங்கள் குளச்சலைப் புரட்டிப்போட்ட அதே 2004 சுனாமியில், சிறுமியாக மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பியவர். பின்பு சைக்கிள் ஓடுதளத்தில் தேசிய அளவில் ஆண்டுக்கணக்கில் முன்னணியில் இருந்தார். உலகத் தங்கம் வந்த அன்று இங்கே எத்தனை டீக்கடைகளில் அது பேச்சாக இருந்தது என்று கேட்டால், உங்கள் கேள்வியே பதில்.

இவர்கள் எல்லாருமே சாலை வீரர்கள் அல்லர், ஓடுதள வீரர்கள் என்பதைக் கவனியுங்கள். சாலைப் பந்தயத்தில் ஒருவர் வெல்லவே பக்குவப்பட்ட ஏழெட்டுப் பேர் வேண்டும். ஆண்டு முழுக்க ஐரோப்பாவில் கிடந்து ஓட்டவும் வேண்டும். ஓடுதளத்தில் நல்ல பயிற்றுநர், ஒரு வெலோட்ரோம் (ஓரம் சரிந்த சைக்கிள் ஓடுதளம்), இரண்டு மூன்று வலுவான கால்கள் இருந்தால் உலகத்தோடு மோதலாம். டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய 250 மீட்டர் மரத்தளம்தான் அந்தப் பிள்ளைகள் வளர்ந்த இடம். உங்களுக்கு அருகில் பார்க்க வேண்டுமானால், 2015 தேசிய விளையாட்டுக்காக அமைத்த வெலோட்ரோம் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் இருக்கிறது. குழித்துறையில் ரயிலேறிக் கழக்கூட்டத்தில் இறங்கினால் பக்கம். ஆனால் அது பொது மைதானம் அல்ல, உள்ளே இறங்க அனுமதி வேண்டும். வீட்டுச் சைக்கிளோடு போய் நிற்கவும் வேண்டாம்: ஓடுதளச் சைக்கிளுக்குப் பிரேக்கும் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒருவர் பின் ஒருவராக ஓட்டும் வித்தையை எங்கள் கணவாய்க் காற்றில் பழகலாமா? நாலு நண்பர்கள் இருக்கிறோம். முப்பந்தல் வரை பறந்து போகிறோம், திரும்பும்போது செத்துவிடுகிறோம்.
– பொறியியல் மாணவர், ஆரல்வாய்மொழி

பறந்தது நீங்கள் அல்ல, காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்று கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு கிழக்கே பாய்கிறது. அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பதும் அதற்காகத்தான். போகும்போது முதுகில் தள்ளுகிறது, வரும்போது முகத்தில் அறைகிறது. மணிக்கு 25 கி.மீ. எதிர்காற்றில் நீங்கள் 25-இல் ஓட்டினால், உடம்பில் மோதும் காற்று 50 கி.மீ. வேகத்துக்குச் சமம், தடை நான்கு மடங்கு. எனவே திரும்பும்போது வேகத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மூச்சைக் காப்பாற்றுங்கள். 15-க்கு இறங்கினாலும் பரவாயில்லை. இன்னொரு யோசனை: பயணத்தை மேற்கு நோக்கித் தொடங்குங்கள். கால் புதிதாக இருக்கும்போது எதிர்காற்று, களைத்தபின் பின்காற்று என்று அமையும்.

பழக இடம் நான்குவழிச் சாலை அல்ல. செண்பகராமன்புதூர், பூதப்பாண்டிப் பக்கத்துச் சிறு சாலைகளில் விடிகாலையில் பழகுங்கள். தொழில்முறை வீரர்கள் ஒரு சாண் இடைவெளியில் ஓட்டுவார்கள். உங்களுக்கு முதல் ஒரு மாதம் முழுதாக ஒரு மீட்டர் இருக்கட்டும். அதிலேயே பலன் தெரியும். முன்னவரின் பின்சக்கரத்தையே முறைத்துப் பார்க்கக் கூடாது. அவர் இடுப்புக்கு மேலே, தோளைத் தாண்டிச் சாலையைப் பாருங்கள். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் பிரேக் பிடிப்பது உங்களுக்குத் தெரியும்போது மோதி முடிந்திருக்கும்.

விழுகிறவர்களில் பெரும்பாலோர் விழுவது ஒரே காரணத்தால்தான். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கும், அவர் ஒரு குழியைத் தவிர்க்க லேசாக ஒதுங்குவார், சக்கரங்கள் உரசும். அப்போது விழுவது எப்போதும் பின்னால் வருபவர்தான். முன்சக்கரம் தட்டுப்பட்டால் ஹேண்டிலைத் திருப்பிச் சமாளிக்க முடியாது.

முன்னால் நிற்பவருக்கு அரை நிமிடம் போதும். பின்னால் பார்த்து, கையைக் காட்டி, இடது ஓரமாக விலகி மிதிப்பதைக் குறைக்க வேண்டும். மற்ற மூவரும் கோடு மாறாமல் நேரே போக வேண்டும். அதற்காகவே வரிசை சாலை ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஓட வேண்டும். புதிதாக முன்னால் வந்தவர் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுவதுதான் எல்லாக் குழுக்களிலும் நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் அப்போதுதான் இறங்கி மூச்சு வாங்குகிறவர் கடைசியில் ஒட்ட முடியாமல் கழன்றுபோவார்.

பக்கக் காற்றில் மட்டும் கவனம். காற்று இடமிருந்து வந்தால் மறைவு வலப்பக்கம் இருக்கும். பந்தயத்தில் சாலை முழுக்க மூடியிருப்பதால் வீரர்கள் சாய்கோடாக விரிந்து நிற்பார்கள். நம் சாலையில் அந்த மறைவைத் தேடி வலப்பக்கம் விரிந்தால் எதிரே பேருந்து வரும். பக்கக் காற்று நாளில் வரிசையைக் கலைத்துவிட்டுத் தனித்தனியாக ஓட்டுங்கள். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். அதன் பிரேக் உங்கள் பிரேக்கைக் கேட்டுக்கொண்டு பிடிக்காது.

மகள் ஒன்பதாம் வகுப்பு. சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்துவிட்டுப் பந்தயத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். லட்ச ரூபாய் சைக்கிள் வாங்க எங்களிடம் வசதியில்லை. சாதாரணச் சைக்கிள்தான் இருக்கிறது.
– ஒரு தாய், கருங்கல்

சாதாரணச் சைக்கிளைத்தான் கேட்கிறார்கள், அம்மா. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் மிதிவண்டிப் போட்டி நடத்துவது வழக்கம். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவு. மாணவிகளுக்கு முதல் பிரிவில் 10 கி.மீ., மற்ற இரண்டிலும் 15 கி.மீ.; மாணவர்களுக்கு 15, 20, 20. இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி கொண்ட சைக்கிளாக இருக்க வேண்டும், பந்தயச் சைக்கிளுக்கு இடமில்லை என்பதுதான் விதி. முதல் மூன்று இடங்களுக்கு 5,000, 3,000, 2,000 ரூபாய் என்றும், நான்கு முதல் பத்து வரை 250 என்றும் பரிசு கொடுத்து வருகிறார்கள். தலைமையாசிரியரிடம் வயதுச் சான்று, ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் மூன்றையும் ஆகஸ்டிலேயே எடுத்து வையுங்கள். அறிவிப்புக்கும் போட்டிக்கும் இடையில் சில நாள்களே இருக்கும். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் அந்த ஆண்டின் தேதியையும் விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சைக்கிள். முன்கூடை, கேரியர், ஸ்டாண்டு மூன்றையும் கழற்றினாலே இரண்டு மூன்று கிலோ குறையும். பிரேக்கையும் மணியையும் தொடாதீர்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரங்களைச் சுற்றிவிடுங்கள். ரிம் இடவலமாக ஆடிப் பிரேக் கட்டையில் உரசினால் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுக்க வேண்டும். இந்த உரசல்தான் வீட்டுச் சைக்கிள்களில் யாரும் கவனிக்காமல் சக்தியைத் திருடுகிற முதல் திருடன். அடுத்தது ஆக்சில். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடவென்று ஆடக் கூடாது, சுற்றினால் கரகரக்கவும் கூடாது. கரகரத்தால் உள்ளே பால்ரஸ் குண்டுகள் தேய்ந்திருக்கும். புதிதாக மாற்றி கிரீஸ் வைத்துக் கோனைச் சரியாக இறுக்கச் சொல்லுங்கள்.

மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்று கேட்டால் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) காட்டர் பின் (அதை அச்சோடு இறுக்கும் ஆப்பு) தளர்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் பின்னும் தேயும், கிராங்கும் கெடும். செயினை நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். அதைவிட இறுக்கினால் சுமை, தளர்ந்தால் கழன்றுவிடும். செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஓர் அடி ஸ்கேல் போதும்: ஒரு பின்னின் மையத்திலிருந்து, அதற்கு அடுத்ததை ஒன்று என்று எண்ணி, 24-ஆவது பின்னின் மையம் வரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை, பின்சக்கரத்து ஃப்ரீவீல் பல்லும் தேய்ந்திருக்கும். எண்ணெய் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு தவறு உண்டு. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அது நாளாகப் பிசினாகிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெயைச் செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். டயரின் பக்கத்திலேயே எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த மேல்வரம்புக்கு நெருக்கமாக அடியுங்கள். முந்தின நாளே வால்டியூபை (காற்று வால்வின் ரப்பர் குழாய்) புதிதாக மாற்றிவிடுவது பத்து ரூபாய்க்குள் முடிகிற காரியம்.

சீட் உயரமும் பார்க்க வேண்டும். அதைக் கீழே குலசேகரம் வாசகருக்குச் சொல்கிறோம்.

பயிற்சிக்கு எட்டு வாரம் போதும், வாரத்தில் நான்கு நாள். முதல் இரண்டு வாரம் 40 நிமிடம், பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நாள் மட்டும் இரண்டு நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து தடவை. இன்னொரு நாள் 20 கி.மீ. சீராக. கடைசி வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். செயின்வீலில் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) 44 பல், ஃப்ரீவீலில் 18 பல், 26 அங்குலச் சக்கரம் என்றால் ஒரு மிதிக்குச் சுமார் 5 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 24 கி.மீ.; 15 கி.மீ.யை முப்பத்தெட்டு நிமிடத்தில் முடிக்கலாம். வேகமாக வரும் என்று 16 பல் ஃப்ரீவீல் போடச் சொல்வார்கள். எதிர்காற்றில் அதைச் சுற்ற முடியாமல் தவிப்பாள், வேண்டாம்.

பந்தய நாளில், கிளம்பின முதல் அரை கி.மீ.யில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பாய்வார்கள். பாதிப் பேர் ஐந்தாவது கி.மீ.யில் காணாமல் போவார்கள். நெரிசலில் கோடு மாறாமல் போகச் சொல்லுங்கள். கூட்டம் பிரிந்ததும் தன்னைவிடக் கொஞ்சம் வேகமான ஒருத்திக்குப் பின்னால் ஒரு சைக்கிள் நீளம் விட்டு ஒட்டிக்கொள்ளட்டும். கடைசி 300 மீட்டர் வரும் வரை வெளியே வர வேண்டாம். வடசேரி ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறோம்.

போட்டிக்கு முன் சத்துமாவு டப்பா ஏதாவது கொடுக்கலாமா? சைக்கிள் வீரர்கள் எல்லாருமே மருந்து அடிப்பவர்கள் என்றும் சொல்கிறார்களே?
– உடற்பயிற்சி ஆர்வலர், திருவட்டாறு

'எல்லாரும்' என்பது தவறு. ஆனால் கறை உண்மையானது. இதே பிபிசி விருதை 1965-இல் வென்ற டாம் சிம்ப்சன், 1967 டூரில் மோன் வான்தூ மலையேற்றத்தில் கொதிக்கும் வெயிலில் சரிந்து இறந்தார். உடலில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்து இருந்தது. 2012-இல் அமெரிக்காவின் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் ஊக்கமருந்தால் பறிபோயின. 2008 முதல் வீரர்களின் ரத்தக் கணக்கைத் தொடர்ந்து வைத்து ஒப்பிடும் முறை நடைமுறையில் இருக்கிறது. மக்கள் இந்த விளையாட்டைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தப்பில்லை, சாட்சி இல்லாமல் ஒருவரைச் சுட்டுவதுதான் தப்பு.

பள்ளிப் பிள்ளைக்கு டப்பா தேவையே இல்லை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மாவைத் தின்று பரிசோதனையில் மாட்டிக்கொண்டவர்கள் நம் நாட்டில் பலர். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு நான்கு இட்லியோ, ஓர் ஏத்தன் பழமும் புட்டுமோ போதும். வழியில் தண்ணீர்தான். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் நீண்ட பயணத்துக்கு மணிக்கொரு தடவை இரண்டு மூன்று மட்டிப் பழமும், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் அரை லிட்டரும் எடுத்துக்கொள்ளலாம். போட்டி நாளன்று புதிய சாப்பாடு எதையும் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பேச்சிப்பாறைச் சாலை ஏற்றத்தில் ஓட்டினால் முட்டுக்கு முன்பக்கம் வலிக்கிறது.
– ரப்பர் தோட்டத் தொழிலாளி, குலசேகரம்

முன்பக்க வலி என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தாழ்ந்த சீட். பின்பக்கம் வலித்தால், அல்லது மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால், சீட் உயரம் அதிகம். செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கிடையே ஒரு தடித்த புத்தகத்தை மேலே தட்டும்வரை ஏற்றி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்குங்கள். 76 செ.மீ. என்றால் 67 செ.மீ. வரும். கிராங்க் ஆக்சிலின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை, சட்டத்தின் சாய்வையொட்டி அளந்தால் அந்த உயரம் இருக்க வேண்டும். ஒரேயடியாக ஏற்றாமல் அரை செ.மீ. ஏற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பெடலை நடுப்பாதத்தால் மிதிக்கக் கூடாது. விரல்களுக்குக் கீழே உள்ள அகன்ற பகுதி பெடல் அச்சின்மேல் வர வேண்டும்.

ஏற்றத்துக்கு ஃப்ரீவீலை 18-இலிருந்து 20 பல்லுக்கு மாற்றினால் மிதி பத்தில் ஒரு பங்கு இலகுவாகும். செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டி வரலாம். இதற்குப் பிறகும் முட்டு வீங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடற்கரையோரம் வீடு. ஒரே வருஷத்தில் சைக்கிள் துருப்பிடித்துவிடுகிறது.
– வாசகர், முட்டம்

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துணியை நனைத்து உப்பைத் துடையுங்கள். குழாயால் பீய்ச்சி அடித்தால் ஆக்சிலுக்குள் உப்புநீர் புகும். உலர்ந்ததும் செயினுக்கு எண்ணெய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட் கம்பியை முழுதாக உருவி கிரீஸ் தடவிச் செருகுங்கள்; இல்லாவிட்டால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கடைக்காரராலும் அசைக்க முடியாது. ஸ்போக் கம்பி ரிம்மைத் தொடும் இடங்களில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவைத்த பிறகே கோட்டம் எடுக்கக் கொடுங்கள். துருப்பிடித்த நிப்பிளை (கம்பி முனையில் உள்ள திருகு) திருகினால் கம்பிதான் முறியும். ரிம் இரும்பா அலுமினியமா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடித்து நிற்க வழக்கத்தைவிட வெகுதூரம் எடுக்கும். அடுத்த முறை மாற்றும்போது அலுமினியம் போடச் சொல்லுங்கள்.